வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்

'நாவலர்' என்று யாழ்ப்பாணத்திலே ஒருவர் சொன்னால், 'எந்த நாவலர்?' என்று மற்றவர் கேட்பதில்லை. அந்தப் பட்டம் வேறு அறிஞர்களுக்கும் உரியதாய் இருந்தது. வடகோவைச் சபாபதி நாவலர் இருந்தார். தமிழகத்திலே சோமசுந்தர பாரதியாரும் நாவலர் எனப்பட்டார். ஆயினும் அடைமொழி எதுவுமின்றி அச்சொல் வழங்குமிடத்து, அது நல்லூர்க் கந்தப்பிள்ளையின் மைந்தர் ஆறுமுகம் என்பவரையே சுட்டும். பட்டமே பெயராகி, பெற்றோர் இட்ட பெயர் அதன் பின்னே ஒதுங்கி நிற்கின்றது.

இப்பெருமகனாரை நாம் எவற்றைக் கொண்டு நினைவு கூருகின்றோம்? பாடசாலை நிறுவினார், அச்சுக்கூடம் வைத்தார், ஏட்டுச் சுவடிகளைப் பிழையறப் பரிசோதித்து நூலாக்கினார், பெரியபுராணத்தை வசனத்தில் எழுதினார் என்றெல்லாம் மாணாக்கர்க்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். பரீட்சை வினாத்தாள்களிலும் இவையே வருகின்றன. ஆனால் 'நாவலர்' என்ற பட்டம் இவற்றுள் எதற்காகவும் கொடுக்கப்பட்டதன்று. அப்பட்டம் கிடைத்தபோது அவருடைய அச்சியந்திரம் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேரவில்லை. பாலபாடங்கள் எழுதப்படவில்லை. பெரியபுராண வசனமும் வெளிவரவில்லை. நாவினால் வல்லவர் என்பதற்காகவே அது வழங்கப்பட்டது. ஆகவே எழுத்தாளராகிய நாவலருக்கு முன்னே பேச்சாளராகிய நாவலர் ஒருவர் இருந்தார். இன்றைய எனது பேச்சு அவரைப் பற்றியது.

காலத்தை முதலிலே திட்டமாகச் சொல்லிவிடலாம். பிலவங்க வருடம் மார்கழி மாதம் 18 ஆம் நாள். ஆங்கிலக் கணக்கில் 1847 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. இடம், வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயில். ஒல்லாந்தர் ஆட்சியின் கடைக்கூற்றிலே வைத்திலிங்கச் செட்டியார் எடுப்பித்த சிவாலயம் அது. அன்றிரவு அங்கே ஆறுமுகம் என்ற இளைஞர் சபையை நோக்கிப் பிரசங்கம் செய்தார். 1822 டிசம்பர் 18 இல் பிறந்த அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது நிறைந்து இரண்டு வாரங்கூட ஆகவில்லை.

கோயிலிலே ஒருவர் பேசினார் என்பதில் என்ன புதுமை என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணத்துக் கோயில்களுக்குப் பேச்சொலி புதிதன்று. புராணபடனம் என்ற வழக்கம் நமது ஊர்களிலே வேரோடி நின்றது; இன்றும் சில கோயில்களில் நிலைத்திருக்கின்றது. ஒருவர் கந்தபுராணத்துச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். எழுத்தறியாத கமக்காரர் கூடச் சூரபன்மனுடைய கதையையும் தக்கனுடைய கதையையும் செய்யுளோடு அறிந்திருந்தமைக்கு இப்படனமே காரணம். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்தின் பண்பாட்டையே 'கந்தபுராண கலாசாரம்' என்று பெயரிட்டு அழைத்தார்கள் அல்லவா? அது மிகையன்று.

எனினும் பயன் சொல்லுபவருக்கு ஓர் எல்லை உண்டு. செய்யுள் எங்கே போகின்றதோ அங்கேதான் அவர் போகலாம். இன்று வள்ளியம்மை திருமணம் என்றால் இன்று கள்ளுக்குடியைப் பற்றி அவர் பேச இயலாது. பேசினாலும் இடைப்பிறவரலாகத் தொட்டுவிட்டு மீள வேண்டும். கேட்பவரும் கதை கேட்க வந்தவரே. பயன் சொல்லுபவர் 'இச்செய்யுளுக்கு என்ன பொருள்?' என்பதற்கு விடை சொல்லுகின்றார்.

வைத்தீசுவரன் கோயிலிலே அன்று தொடங்கியது வேறு. அங்கே செய்யுள் பொருளை நடத்தவில்லை. பொருளே செய்யுள்களைத் தன் துணைக்கு அழைத்தது. இன்றைக்கு மதுபானம், அடுத்த வெள்ளிக்குக் கொல்லாமை, பின்னொரு வெள்ளிக்கு வியபிசாரம் என்று தலைப்பு வைத்துக் கொண்டு, அதற்குச் சாத்திரப் பிரமாணம் காட்டி, முன்னே இருப்பவரைப் பார்த்து 'நீர் என்ன செய்கின்றீர்?' என்று கேட்பதே அதன் இயல்பு. இலிங்க வழிபாடு, தீட்சை, தானம், பசுக்காத்தல், பெண்கள் ஒழுக்கம், கடவுள் ஒருவரே என்னும் கொள்கை ஆகியனவும் அவ்வாறு எடுத்துக் கொள்ளப்பட்டன. வெள்ளிதோறும் இது நடந்தது. நல்லூர்க் கார்த்திகேய ஐயர் என்ற நண்பரும் மாறி மாறிப் பிரசங்கித்தார். நாவலரின் பெயர் ஓங்கிய வெளிச்சத்திலே கார்த்திகேய ஐயர் நமக்கு மங்கலாகத் தெரிகின்றார். வாரந்தோறும் ஒரு புதிய பொருளை இருவர் பகிர்ந்து சுமந்தனர் என்பதை மறத்தல் தகாது. பேச்சைத் தொழிலாக அறிந்தவர்களுக்கு அதன் சுமை விளங்கும்.

இவ்வடிவத்தை ஆறுமுகம் எங்கே கற்றார்? விடையை மறைப்பதற்கில்லை, மறைக்க வேண்டியதுமில்லை. மெதடிஸ்த மிசனரிமார் 1814 இல் இலங்கைக்கு வந்தனர். அமெரிக்க மிசனரிமார் 1816 முதல் யாழ்ப்பாணத்திலே பணி செய்தனர். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது; 1841 இல் 'உதயதாரகை' பத்திரிகை தோன்றியது. மிசனரிமார் திண்ணையிலும் சந்தையிலும் மரநிழலிலும் நின்று பேசினர். துண்டுப் பிரசுரங்களை வழங்கினர். ஞாயிறுதோறும் ஒரு வசனத்தை எடுத்து, அதனைக் கூறுகளாகப் பகுத்து, விளக்கி, ஈற்றிலே கேட்பவரின் வாழ்க்கையோடு பொருத்திக் காட்டினர். சேனாதிராய முதலியாரிடமும் சரவணமுத்துப் புலவரிடமும் தமிழ் கற்ற ஆறுமுகம், பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலையிலே ஆங்கிலமும் கற்றார். பின்னர் அங்கேயே ஆசிரியரானார். பேர்சிவலின் தமிழ்ப் பண்டிதராயிருந்து, பைபிளைத் தமிழிலே பெயர்க்கும் பணியில் ஆண்டுக்கணக்காக உடனிருந்தார். நீறணிந்த நெற்றியோடும் தமது ஆசாரங்களை விடாமலுமே இதனைச் செய்தார் என்பது யாவரும் அறிந்தது.

ஆகவே பிரசங்க வடிவம் மிசனரிமாரிடம் கண்டது என்பது உண்மை. அமெரிக்க மானிடவியலாளர் பேர்னாட் பேற் தமிழ் மேடைப்பேச்சின் வரலாற்றைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். 2016 இல் அவர் காலமான பின்பு, 2021 இல் அவ்வாராய்ச்சி நூலாக வெளிவந்தது. நவீன தமிழ் மேடைப்பேச்சு புரட்டஸ்தாந்தப் பிரசங்கத்தின் வழியாக உருவானது என்பதும், அதனைச் சைவத்துக்கு உரியதாக்கியவர் நாவலர் என்பதும் அவர் கொள்கை. சைவ அன்பர் சிலருக்கு இக்கூற்று உவப்பளிக்கவில்லை. பாதிரிமாரைப் பார்த்துச் செய்தது என்றால் நாவலரின் பெருமை குறைந்துவிடும் என அவர்கள் எண்ணுகின்றார்கள் போலும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. எதிராளியின் கையிலுள்ள கருவி நல்லது என்று கண்டு, அதனை எடுத்துத் தன் மண்ணுக்கு ஏற்ற பிடி போட்டுக் கொள்பவன் விவேகி. ஞாயிற்றுக்கிழமை வெள்ளிக்கிழமையாயிற்று. தேவாலயத்தின் இடத்திலே சிவாலயம் நின்றது. பைபிள் வசனத்தின் இடத்திலே ஆகமமும் திருமுறையும் வந்தன. சனங்கள் ஏற்கெனவே கூடுகின்ற நாளிலும் இடத்திலும் அது பொருந்தியமையினாலேயே நிலைத்தது. 1842 ஆம் ஆண்டிலே, வேதாகம பாடசாலை ஒன்றை அமைப்பதற்காக, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலைச் சார்ந்த மடத்திலே ஏறத்தாழ இருநூறு பேர் கூடினர் என்பதும் இங்கே நினைக்கத் தக்கது. வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் வெறுநிலத்தில் முளைத்ததன்று.

இனி நான் முக்கியமாகக் கருதும் ஒரு செய்திக்கு வருகின்றேன். முதற் பிரசங்கம் நடந்தது 1847 டிசம்பர் முடிவில். பேர்சிவலின் உத்தியோகத்தை ஆறுமுகம் விட்டது 1848 செப்டெம்பரில். இடையிலே ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதமும் வாரநாட்களிலே மிசன் பாடசாலையில் ஊழியம், வெள்ளியிரவிலே மிசனரிமாரின் போதனைக்கு எதிரான சைவப் பிரசங்கம். பேர்சிவல் அவரை உடனே விலக்கிவிடவில்லை. அப்பாதிரியாரின் பெருந்தன்மையும் இங்கே பாராட்டுக்குரியது. பண்டிதரை இழக்க அவர் விரும்பவில்லை என்று கொண்டாலும் பாராட்டு குறையாது.

ஆனால் ஆறுமுகத்தின் நிலை எத்தகையது? பகலிலே ஒரு சோறு, இரவிலே ஒரு சொல். ஊரார் இதனை நெடுநாள் பொறுப்பார்களா? சைவத்தைக் காக்க வேண்டும் என்று வெள்ளியிலே சொல்லுகின்றவர் திங்களிலே எங்கே போகின்றார் என்று யாரும் பார்த்துக் கொண்டுதான் இருப்பார்கள். யாழ்ப்பாணம் அப்படிப்பட்ட ஊர். வேலிக்கு வேலி கண் இருக்கும். அவர் உத்தியோகத்தை விட்டார். வேதனத்தையும் விட்டார். வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை அந்த 1848 ஆம் ஆண்டிலேயே தொடங்கினார். இல்லறத்திலும் அவர் புகவில்லை. வீடு வீடாகக் கிடைத்த பிடியரிசியும் அன்பர்களின் கொடையுமே அப்பணிகளுக்கு முதலாயின. அதன் பிறகு வெள்ளிக்கிழமைச் சொல்லுக்கும் மற்றைய நாட்களுக்கும் இடையிலே வேறுபாடு காட்ட எவராலும் முடியவில்லை. அவருடைய பேச்சுக்குக் கேட்பவரை அசைக்கும் வலி எங்கிருந்து வந்தது என்று தேடுவோர் அலங்காரங்களிலே தேடிப் பயனில்லை. 1848 செப்டெம்பரிலே தேட வேண்டும்.

பாடசாலைகளிலே தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிகள் நடக்கும்போது நடுவராக அமரும் வாய்ப்பு எனக்கு ஆண்டுதோறும் கிடைக்கின்றது. பிள்ளைகள் நன்றாகவே பேசுகின்றார்கள். குரல் ஏற்ற இறக்கம், கையசைவு, சபை வணக்கம் எல்லாம் உண்டு. தாயோ தந்தையோ ஆசிரியரோ எழுதிக் கொடுத்ததை ஓரெழுத்தும் பிசகாமல் ஒப்புவிப்பார்கள். ஐந்தாவது நிமிட மணி அடித்ததும் முடித்துவிட்டுப் போய் அமர்வார்கள். புள்ளித் தாளிலே மொழிநடைக்கு இத்தனை, உச்சரிப்புக்கு இத்தனை, அபிநயத்துக்கு இத்தனை என்று கட்டங்கள் இருக்கின்றன. பேசுகின்ற பிள்ளை தான் சொல்லுவதை நம்புகின்றதா என்பதற்குக் கட்டம் இல்லை. இருந்தால் நடுவர்களாகிய எங்கள் பாடு கடினந்தான்! இது பிள்ளைகளின் குறையன்று என்பதையும் சொல்லிவிட்டு மேலே செல்கின்றேன்.

1849 இல் அச்சியந்திரம் வாங்குவதற்காக மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் ஆறுமுகம் இந்தியாவுக்குச் சென்றார். வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்திலே தங்கினார். தமிழும் சைவ சித்தாந்தமும் கரைகண்டவர்கள் நிறைந்த சபை அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளைஞரைப் பிரசங்கிக்கக் கேட்டனர். பிரசங்கத்தைக் கேட்டபின் 'நாவலர்' என்ற பட்டத்தைச் சூட்டினர். சாத்திரம் அறிந்தவர் அங்கே பலர் இருந்திருப்பர். அறிந்ததைச் சபைக்கு ஏற்பத் தொடுத்து, கேட்பவர் உள்ளத்திலே நாட்டும் திறமே அவர்களுக்குப் புதிதாய்த் தோன்றியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

சென்னையிலே வாங்கிய அச்சியந்திரம் வண்ணார்பண்ணைக்கு வந்து வித்தியானுபாலன யந்திரசாலை ஆயிற்று. இங்கேதான் பேச்சாளரும் எழுத்தாளரும் ஒருவரோடொருவர் கைகோத்ததைக் காண்கின்றோம். நாவலரின் வசனநடையைப் பரிதிமாற் கலைஞர் வியந்து போற்றினார் என்பதைத் தமிழ் கற்ற அனைவரும் அறிவர். அந்நடை எங்கே பிறந்தது என்பது பற்றி நாம் அதிகம் ஆராய்வதில்லை. அவருக்கு முற்பட்ட உரையாசிரியர்களின் வசனம் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படிப்பவருக்காக எழுதப்பட்டது. ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடினாலும் படிப்பவர் திரும்பிப் போய்ப் பார்த்துக் கொள்ளலாம். செவியால் கேட்பவர் திரும்பிப் போக இயலாது. சொன்னது சொன்ன மாத்திரத்திலே விளங்க வேண்டும். எழுவாய் எது, பயனிலை எது என்று மயக்கம் இருத்தலாகாது. மூச்சு நிற்குமிடத்திலே பொருளும் நிற்க வேண்டும். காற்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய நிறுத்தக் குறியீடுகளைத் தமிழ் அச்சிலே ஒழுங்காகக் கையாண்ட முன்னோடி நாவலர் என்பதை அவருடைய ஆங்கிலக் கல்வியின் பயன் என்று மட்டுமே சொல்லிவிடுகின்றோம். வெள்ளிதோறும் சபை முன்னே நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பழகிய நாவுக்கு, அந்த நிறுத்தத்தைத் தாளிலே காட்டுவதற்கு ஒரு குறி தேவைப்பட்டது என்றும் கொள்ளலாமன்றோ?

இதற்குச் சான்று வேண்டுவோர் அவருடைய நான்காம் பாலபாடத்தை எடுத்துப் பார்க்கலாம். கொலை, புலாலுண்ணல், களவு, கள்ளுண்ணல், தானம், பசுக்காத்தல் என்று அதிலே வரும் தலைப்புக்களை, வைத்தீசுவரன் கோயிற் பிரசங்கப் பொருள்களோடு ஒப்பு நோக்குங்கள். பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். கோயில் மண்டபத்திலே பெரியோருக்குச் சொன்னது பாடசாலையிலே சிறுவருக்குப் பாடமாயிற்று என்றே நான் கருதுகின்றேன். உரத்து வாசித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நான் வகுப்பிலே மாணாக்கரைக் கொண்டு அப்பாடங்களை உரத்து வாசிப்பிப்பதுண்டு. மௌனமாகப் படிக்கும்போது கடினமாய்த் தோன்றும் வடசொற்கள், வாய்விட்டு வாசிக்கும்போது அடுத்தடுத்து அடுக்கி வரும் ஓசையிலே இயல்பாகக் கரைந்துவிடுகின்றன.

நாவலர் பிற சமயத்தாரை மாத்திரம் கண்டித்தார் என்று எண்ணுபவர் உளர். அவருடைய கடுஞ்சொற்களிற் பெரும்பகுதி சொந்த வீட்டாருக்கே போயிற்று. தீட்சையும் ஆகம அறிவும் இன்றிப் பூசை செய்வோர், கோயிற் பொருளைக் கணக்கின்றி ஆள்வோர், திருவிழாவிலே தாசியர் நடனம் வைப்போர், சிறுதெய்வக் கோயில்களிலே ஆடு வெட்டுவோர் எல்லாரும் அவர் வாயிலே அகப்பட்டார்கள். 1872 இல் 'யாழ்ப்பாணச் சமயநிலை' என்னும் பிரசுரத்தை வெளியிட்டார். 1875 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் நடைமுறைகளைக் கண்டித்துப் பத்திரிகைகள் வெளியிட்டார். தாம் பிறந்த ஊரின் பெருங்கோயிலோடு முரண்படுவது எளிய காரியமா? மிசனரியை எதிர்த்தால் ஊர் கைதட்டும். ஊரை எதிர்த்தால் கைதட்ட யார் இருக்கின்றார்கள்? இவ்விரண்டாவது துணிவையே நான் பெரிதாக மதிக்கின்றேன். அவருடைய கண்டனங்கள் அனைத்தும் சரியானவை என்று இதனால் நான் சொல்லவில்லை. கண்ணகி வழிபாட்டை அவர் ஒதுக்கித் தள்ளியதை என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. வன்னியிலும் மட்டக்களப்பிலும் அம்மன் வழிபாட்டோடு சேர்ந்து வளர்ந்த பாட்டும் கூத்தும் தமிழின் செல்வங்களே.

அதனினும் பாரதூரமான ஒரு விடயத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வைத்தீசுவரன் கோயில் மண்டபத்திலே அவர் பேசியபோது, கேட்டவர் யார், கேளாதவர் யார்? மரநிழலிலே நின்று பேசிய பாதிரியாரின் பேச்சை வழியிற் போகும் எவரும் நின்று கேட்கலாம். கோயில் மண்டபத்துப் பேச்சை அவ்வாறு எல்லாரும் கேட்க இயலாது. உள்ளே வர அனுமதிக்கப்படாத சனங்கள் நமது ஊர்களிலே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு அக்குரல் மதிலைத் தாண்டிக் கேட்டிருந்தால் அவ்வளவுதான். நாவலர் சாதியாசாரத்தைக் கேள்விக்கு உட்படுத்தவில்லை. சைவாசாரத்தின் ஒரு பகுதியாகவே அதனை ஏற்றுக் கொண்டார். குடியையும் கொலையையும் கண்டித்த அந்நாவு, மதிலுக்கு வெளியே நின்றவனுக்காகப் பேசவில்லை. அது அக்காலத்து நிலை என்று சிலர் சமாதானம் கூறுவர். அக்காலத்து நிலைமைகள் பலவற்றோடு தயவின்றிப் போரிட்டவருக்கு அந்தச் சமாதானம் முழுவதும் பொருந்தாது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே ஆலயப் பிரவேசத்துக்காகச் சனங்கள் போராடியபோது, நாவலர் காலமாகி எண்பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வழியிலே வந்த பிரசங்கிகள் அந்த எண்பத்தொன்பது ஆண்டுகளிலே எத்தனை ஆயிரம் பிரசங்கங்கள் செய்திருப்பார்கள்! இதனைச் சொல்லுவதனால் நாவலரிடத்து நான் கொண்ட மதிப்புக் குன்றிவிடவில்லை. பேச்சின் வலிமையை அளப்பவர் அது எட்டாத இடத்தையும் அளந்தே ஆக வேண்டும்.

நாவலரின் இறுதி ஆண்டுகளிலே அவருடைய பேச்சு கோயிலுக்கு வெளியேயும் வந்தது. 1877 இலே பஞ்சம் வாட்டியபோது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். பொருளுள்ளவர்களிடம் அவர் கேட்டார், அவர்கள் கொடுத்தார்கள். வேறொருவர் கேட்டிருந்தால் அவ்வாறு கொடுத்திருப்பார்களோ என்பது ஐயமே. 1879 இல் சட்டநிரூபண சபையின் தமிழ்ப் பிரதிநிதி சேர் முத்துக்குமாரசுவாமி காலமானார். அக்காலத்திலே பிரதிநிதியை வாக்களித்துத் தெரிவு செய்யும் முறை இல்லை, தேசாதிபதியே நியமிப்பார். சனங்கள் செய்யக் கூடியது கூட்டங்கூடி விருப்பத்தைத் தெரிவிப்பது ஒன்றே. கிறிஸ்தோபர் பிறிற்றோ என்பவரும் பொன்னம்பலம் இராமநாதனும் அவ்விடத்துக்குக் கருதப்பட்டபோது, நாவலர் இராமநாதனுக்காக யாழ்ப்பாணத்திலே ஆதரவு திரட்டினார். இராமநாதன் நியமனம் பெற்றார். சமயப் பிரசங்கத்திலே பழகிய சபை, அரசியற் கருத்தொன்றைத் தெரிவிக்கும் சபையாக மாறியதை இங்கே காண்கின்றோம். தமிழகத்திலே இம்மாற்றம் பெருமளவில் நிகழ்ந்தது பின்னரே. காங்கிரஸ் தலைவர்கள் நெடுங்காலம் ஆங்கிலத்திலேயே பேசினர். 1908 இலே தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் ஆலைத் தொழிலாளரிடத்துத் தமிழிலே பேசி, அதற்காகச் சிறை புகுந்தனர்.

1879 ஆடிச் சுவாதியிலே, சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசை நாளன்று, சைவப்பிரகாச வித்தியாசாலையிலே செய்த பிரசங்கமே நாவலரின் கடைசிப் பிரசங்கம் என அவர் சரித்திரம் கூறும். அவ்வாண்டு டிசம்பர் 5 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, அவர் சிவபதமடைந்தார்.

அவர் பின்னே மரபு அறுந்து போகவில்லை. 1888 இல் சைவ பரிபாலன சபை தோன்றியது. 1889 இல் 'இந்து சாதனம்' பத்திரிகை வந்தது. 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருவாயிற்று. 1897 சனவரியிலே சிக்காகோவின் புகழோடு திரும்பிய சுவாமி விவேகானந்தர் அக்கல்லூரியிலே வேதாந்தம் பற்றிப் பேசினார். அது ஆங்கிலப் பேச்சு. ஆயினும் பேச்சைக் கேட்பதற்கென்றே கூடுகின்ற ஒரு சபை யாழ்ப்பாணத்திலே ஐம்பது ஆண்டுகளாகப் பழகியிருந்தது. வந்தவர் வெறுநிலத்திலே விதைக்க வேண்டியிருக்கவில்லை.

முன்னே நான் சொன்ன பிரசங்கப் பட்டியலிலே பெண்கள் ஒழுக்கம் என்பதும் ஒன்று. பெண்களைப் பற்றி ஆண் பேசினார், பெண்கள் கேட்டார்கள். பெண்ணொருத்தி எழுந்து நின்று சைவப் பிரசங்கம் செய்வாள் என்பதை அந்தச் சபை எண்ணியும் இராது. 1925 இலே பிறந்த தங்கம்மா அப்பாக்குட்டி அவர்கள் அதனைச் செய்து காட்டினார்கள். ஆசிரியப் பணி புரிந்து, சைவ மேடையிலே ஏறி, சிவத்தமிழ்ச் செல்வி எனப் பெயர் பெற்றார்கள். வெள்ளைச் சேலையும் திருநீறுமாக அவ்வம்மையார் பேச எழுந்தால், சலசலத்துக் கொண்டிருக்கும் திருவிழாக் கூட்டம் அடங்கிப் போவதைக் கேட்டவர்கள் அறிவார்கள். பெரிய புராணத்துக் கதையொன்றைச் சொல்லும்போது அது நேற்று அயல்வீட்டிலே நடந்தது போல இருக்கும். தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைமையை ஏற்று, ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காகத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை அமைத்தார்கள். போர்க்காலத்திலே எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுவே வீடாயிற்று. 2008 ஆம் ஆண்டு சூன் மாதம் அம்மையார் காலமானார்கள். கோயில் மேடையிலே அவர்கள் கேட்டபோது கொடுத்தவர்களின் பணத்திலே அந்த இல்லத்தின் பிள்ளைகள் உண்டு, உடுத்துப் படித்தார்கள்.